தந்தையின் பாடல்களுக்கு வந்து சேர 16 ஆண்டுகள்: நடாலி கோலின் வாழ்வும் இசையும் குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்கப் பாடகி நடாலி கோல் தன் முதல் இசைத்தொகுப்பை 1975ஆம் ஆண்டு வெளியிட்டபோது அவருக்கு வயது 25. தந்தை நாட் கிங் கோல் பாடிப் புகழ்பெற்ற பாடல்களை ஒரு முழுத் தொகுப்பாக அவர் பாடியது 1991இல், 41ஆவது வயதில். இடைப்பட்ட 16 ஆண்டுகளில் அவர் உச்சிக்குப் போனார், போதைப்பழக்கத்தால் தொழிலையும் உடல்நலத்தையும் கிட்டத்தட்ட முழுமையாக இழந்தார், சிகிச்சை பெற்றுத் திரும்பி வந்தார். உலகின் மிகப் பிரபலமான குரல்களில் ஒன்றின் வாரிசாகப் பிறந்தவர் அந்தக் குரலின் பாடல்களுக்கு வந்து சேர ஏன் அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார் என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

இறந்துபோன தந்தையோடு தொழில்நுட்பத்தின் உதவியால் மகள் சேர்ந்து பாடினார், கேட்டவர்கள் உருகினார்கள், தொகுப்பு லட்சக்கணக்கில் விற்றது என்பதுதான் இந்த வாழ்க்கையைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அதில் பொய்யில்லை என்றாலும், முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறது. 1991இன் வெற்றி, அதற்கு முன் நடாலி அந்தப் பாடல்களைப் பாடாமல் இருந்ததால் கிடைத்த வெற்றி. பிறப்பால் கைக்கு வந்த சொத்தைத் தொடாமல் தள்ளி வைத்து, வேறொரு இசையில் தன் பெயரை நிலைநாட்டிவிட்டு, அதன் பிறகே அவர் அதை எடுத்துக்கொண்டார். இந்த வரிசை மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும் என்பது என் துணிபு.

பிறந்த வீடு

நாட் கிங் கோல் 1919இல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். அவருடைய தந்தை பாப்டிஸ்ட் சபைப் போதகர்; தாய் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். நாட் முதலில் அறியப்பட்டது பாடகராக அல்ல, ஜாஸ் பியானோ கலைஞராக. பியானோ, கிதார், பேஸ் ஆகிய மூன்றை மட்டுமே கொண்டு 1930களின் பிற்பகுதியில் அவர் அமைத்த மூவர் குழு, பின்னால் வந்த பல ஜாஸ் குழுக்களுக்கு முன்மாதிரியானது. பாட்டு பிறகுதான் வந்தது. வந்த பிறகு பியானோவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. 1942இல் தொடங்கப்பட்ட கேப்பிட்டல் நிறுவனத்துக்கு அவருடைய இசைத்தட்டுகள் ஈட்டித் தந்த வருவாய் அவ்வளவு பெரியது என்பதால், ஹாலிவுட்டில் அந்நிறுவனம் 1956இல் எழுப்பிய வட்டவடிவக் கட்டடத்தை ‘நாட் கட்டிய வீடு’ என்றே இசையுலகம் அழைத்தது.

நடாலி 1950 பிப்ரவரி 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். அவர் வளர்ந்த வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த வீட்டின் முரண்பாடு அவருடைய வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது. வெள்ளையர் மட்டுமே குடியிருந்த ஹான்காக் பார்க் பகுதியில் 1948இல் கோல் குடும்பம் அந்த வீட்டை வாங்கியபோது, அப்பகுதிச் சொத்துரிமையாளர்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். விரும்பத்தகாதவர்கள் இங்கே குடியேறுவதை நாங்கள் ஏற்கவில்லை என்று அவர்கள் சொன்னதற்கு, நானும் ஏற்கவில்லை, அப்படி யாராவது வருவதைக் கண்டால் முதலில் முறையிடுபவன் நானாகத்தான் இருப்பேன் என்ற பொருளில் நாட் பதில் சொன்னார். 1956 ஏப்ரலில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் அவர் பாடிக்கொண்டிருந்தபோதே வெள்ளை இனவெறியர்கள் மேடையேறித் தாக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வராததால் 1957 டிசம்பரில் அது நின்றது. எல்லா வீட்டு வானொலியிலும் ஒலித்த குரலுக்கு உரியவர், அந்த வீடுகள் இருந்த தெருவில் குடியிருக்கக் கூடாதவராக இருந்தார். நடாலி குழந்தையாகப் பார்த்த புகழ் இத்தகையது.

தாய் மரியா ஒருகாலத்தில் டியூக் எலிங்டனின் இசைக்குழுவில் பாடியவர். அவரை வளர்த்த அத்தை சார்லட் ஹாக்கின்ஸ் பிரவுன், வட கரோலினாவில் கறுப்பின மாணவர்களுக்காகப் பள்ளி நிறுவி நடத்திய கல்வியாளர். ஒழுங்கு, நடத்தை, பேச்சு ஆகியவற்றில் மிகக் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பு மரியா வழியாக ஹான்காக் பார்க் வீட்டுக்கும் வந்தது. குழந்தைகளுக்கு நல்ல படிப்பு வேண்டும், பொது இடத்தில் யாரும் குறை சொல்ல முடியாத நடத்தை வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நடாலி ஆறு வயதில் தந்தையின் கிறிஸ்துமஸ் இசைத்தட்டு ஒன்றில் குரல் கொடுத்ததையும், 11 வயதில் தந்தையோடு மேடையில் தோன்றியதையும் பிற்காலத்தில் பலரும் அவருடைய இசைவாழ்வின் தொடக்கமாகக் காட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இசைக் குடும்பங்களில் குழந்தைகள் இப்படிப் பாடுவது இயல்பு; அதை வைத்து எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. கணித்திருந்தால் அவர் பல்கலைக்கழகத்தில் இசையல்லவா படித்திருக்க வேண்டும்?

1965 பிப்ரவரி 15 அன்று நாட் கிங் கோல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 45. நடாலிக்கு 15 வயது நிறைந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. அப்போது அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விடுதிப் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தார். தந்தை இல்லாமல் போனாலும் குரல் எங்கும் போகவில்லை. வானொலியில், கடைகளில், குறிப்பாக ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலத்திலும் அது ஒலித்துக்கொண்டே இருந்தது. துயரத்தை மறக்க விரும்பும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மற்றவர்களுக்கு உண்டு. புகழ்பெற்றவரின் பிள்ளைக்கு அது இல்லை.

கிளப் மேடைகளும் ஒரு முடிவும்

நடாலி 1972இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் உளவியல் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்திலேயே சிறிய இசைக்குழு ஒன்றோடு உள்ளூர் கிளப்களில் பாடத் தொடங்கியிருந்தார். அங்கே நடந்தது இந்த ஆய்வுக்கு மிக முக்கியமானது. நாட் கிங் கோலின் மகள் என்பதற்காகவே கிளப்கள் அவரை மகிழ்ச்சியோடு வரவேற்றன. மேடையேறி, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தாளம் மிகுந்த இசையான ரிதம் அண்ட் புளூஸும் ராக்கும் பாடத் தொடங்கியதும் ஏமாற்றமடைந்தன. அவையினர் கேட்க வந்தது ஒன்று, அவர் பாட விரும்பியது வேறொன்று.

பெயர் தரும் சலுகை எப்படிச் செயல்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை. பெயர் ஒருவரை மேடை வரை அழைத்துச் செல்கிறது. அங்கே எதைப் பாட வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்ய முயல்கிறது. அந்த நிலையில் நடாலிக்கு மூன்று வழிகள் இருந்தன. தந்தையின் பாடல்களையே பாடி, அவற்றைக் கேட்க வருகிற மூத்த தலைமுறையிடம் நிலையான வருமானம் பெறலாம். பாடுவதையே விட்டுவிட்டுப் படித்த துறைக்குப் போகலாம். அதே தொழிலில் இருந்துகொண்டு வேறு இசையைப் பாடலாம். மூன்றாவதில்தான் ஏமாற்றத்தை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருந்தது. அவர் அதைத்தான் தேர்ந்துகொண்டார். இதைப் பிடிவாதம் என்று சொல்வோர் உண்டு. தந்தையின் பாடல்களை 22 வயதில் பாடத் தொடங்கியிருந்தால் நடாலி வாழ்நாள் முழுவதும் ஒரு நினைவுச் சின்னத்தின் காவலராகவே இருந்திருப்பார் என்பதை எண்ணிப் பார்த்தால், அது தெளிந்த தொழில் முடிவாகத் தெரியும்.

அவருடைய இசையை உருவாக்கியவர்கள் சிகாகோவைச் சேர்ந்த சக் ஜாக்சன், மார்வின் யான்சி என்ற இரு பாடலாசிரிய-தயாரிப்பாளர்கள். யான்சி தேவாலய இசையில் ஊறியவர், பின்னாளில் போதகராகவும் இருந்தவர். அந்தப் பியானோவும் கைத்தட்டலும் சேர்ந்த துள்ளலும் நடாலியின் முதல் பதிவுகளில் நன்றாகவே கேட்கின்றன. தந்தையின் மென்மையான இசையிலிருந்து விலகிச் சென்றவர், தந்தையின் தந்தை போதித்த நகருக்கும், பாட்டி ஆர்கன் வாசித்த வகைத் தேவாலயத்தின் ஒலிக்கும் வந்து சேர்ந்தார். திட்டமிட்டு நடந்தது என்று இதைச் சொல்ல முடியாது. இருந்தாலும் குடும்பத்தின் இசை மரபு நாட் கிங் கோலோடு தொடங்கி அவரோடு முடிவதல்ல, அதற்கு முன்னும் ஒரு கிளை இருந்தது என்பதை இது நினைவூட்டுகிறது.

அவரை ஒப்பந்தம் செய்தது கேப்பிட்டல் நிறுவனம், அதாவது தந்தையின் நிறுவனம். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அந்தக் குடும்பப்பெயர் இல்லாத ஓர் இளம் பாடகிக்கு அந்தக் கட்டடத்தின் கதவு அதே வேகத்தில் திறந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் கதவு திறந்த பிறகு விற்க வேண்டியது பாட்டு. 1975இல் வந்த ‘இன்செபரபிள்’ தொகுப்பின் முதன்மைப் பாடலான ‘திஸ் வில் பி’ அமெரிக்காவின் ரிதம் அண்ட் புளூஸ் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தையும், எல்லா இசைவகைகளுக்குமான பொதுப் பட்டியலில் ஆறாம் இடத்தையும் பிடித்தது. அதை வாங்கிய இளைஞர்களில் பெரும்பாலோர் நாட் கிங் கோலின் இசைத்தட்டுகளை வாங்கிய தலைமுறை அல்ல.

1976இல் நடாலிக்குச் சிறந்த புதிய கலைஞர், சிறந்த ரிதம் அண்ட் புளூஸ் பாடகி என இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. இரண்டாவது விருதை, அது நிறுவப்பட்ட நாளிலிருந்து தொடர்ந்து எட்டு ஆண்டுகள் பெற்று வந்தவர் அரீத்தா பிராங்க்ளின். அதனால் விமர்சகர்கள் நடாலியைத் தந்தையோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு அரீத்தாவோடு ஒப்பிடத் தொடங்கினார்கள். அந்த ஒப்பீடு சில சமயம் கடுமையாகவே இருந்தது. ஆனால் ஒருவரை அவருடைய சமகாலத்தவரோடு ஒப்பிடுவது, அவரைத் தனிக் கலைஞராக ஏற்றுக்கொண்டதன் அடையாளம். அரீத்தாவும் புகழ்பெற்ற ஒருவரின் மகள்தான் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அவருடைய தந்தை சி. எல். பிராங்க்ளினின் பிரசங்கங்கள் இசைத்தட்டுகளாக விற்கப்பட்டன.

1977ஆம் ஆண்டில் மட்டும் நடாலியின் இரண்டு தொகுப்புகள் பத்து லட்சம் பிரதிகளைக் கடந்து பிளாட்டினம் தகுதி பெற்றன. 1979இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரோடு நட்சத்திரம் பதிக்கப்பட்டது. தந்தையின் ஒரு பாடலையும் தன் அடையாளமாக்கிக்கொள்ளாமல், ஐந்தே ஆண்டுகளில் இவ்வளவும் நடந்தது.

வீழ்ச்சியை எப்படிப் படிப்பது

போதைப்பொருள் பழக்கம் பல்கலைக்கழக நாட்களிலேயே தொடங்கிவிட்டது என்பதை நடாலி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்றில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். ஹெராயின் அவர் பிரபலமாவதற்கு முன்பே அவருடைய வாழ்க்கைக்குள் வந்துவிட்டது; பணமும் புகழும் வந்த பிறகு கோக்கெய்னும் சேர்ந்தது. 1976இல் யான்சியோடு நடந்த திருமணம் 1980இல் முறிந்தது. அவர்களுக்கு ஒரு மகன் இருந்தான். 1980களின் தொடக்கத்தில் நிகழ்ச்சிகள் தடைபட்டன, இசைத்தட்டுகளின் விற்பனை சரிந்தது. 1983இன் இறுதியில் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ஹேசல்டன் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் தங்கி அவர் சிகிச்சை பெற்றார்.

15 வயதில் தந்தையை இழந்த துயரமே இதற்குக் காரணம் என்று பல கட்டுரைகள் எழுதிவிடுகின்றன. நான் அவ்வளவு விரைவாக அந்த முடிவுக்கு வர மாட்டேன். அதே வயதில் தந்தையை இழந்த எத்தனையோ பேர் போதைக்குப் போவதில்லை. தந்தை உயிரோடு இருந்தும் போனவர்கள் ஏராளம். 1970களின் அமெரிக்க இசையுலகில் போதைப்பொருள் எளிதில் கிடைத்தது, பயன்படுத்துவது வழக்கமாகவும் இருந்தது. அந்த உலகில் குடும்பப் பின்னணி எதுவும் இல்லாத கலைஞர்களும் அதே பள்ளத்தில் விழுந்தார்கள். துயரம் ஒரு பங்கு வகித்திருக்கலாம் என்பதற்கு மேல் வெளியிலிருந்து எவரும் சொல்வது ஊகமே.

சான்றுகளோடு சொல்லக்கூடியது ஒன்று உண்டு. வீழ்ந்த ஆண்டுகளிலும், வருமானம் குறைந்த நிலையிலும், நடாலி தந்தையின் பாடல்களை விற்பனைக்கு எடுக்கவில்லை. எல்லாம் கைவிட்டுப் போன நேரத்தில் அதுவே மிக எளிதான வழியாக இருந்திருக்கும்.

மீண்டு வந்த பிறகு உடனே வெற்றி கிடைத்துவிடவில்லை. இரண்டு நிறுவனங்கள் மாறி, 1987இல் ‘எவர்லாஸ்டிங்’ தொகுப்பு வந்த பிறகே அவருடைய பெயர் பட்டியல்களுக்குத் திரும்பியது. அதிலிருந்து புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் எழுதிய ‘பிங்க் கேடிலாக்’ 1988இல் அமெரிக்கப் பட்டியலில் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ‘மிஸ் யூ லைக் கிரேசி’ ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம் பெற்றது. ‘எவர்லாஸ்டிங்’ தொகுப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பதிவும் உண்டு: தந்தை 1950களில் பாடிய ‘வென் ஐ ஃபால் இன் லவ்’. நடாலி அதைத் தன் காலத்து இசைக்கோர்ப்பில், தன் பாணியில் பாடினார். பெரிய கதவைத் திறப்பதற்கு முன் தாழ்ப்பாளை அசைத்துப் பார்த்த செயலாகவே அதை நான் கொள்கிறேன்.

1991

அதுவரை தனக்கு வெற்றி தந்த இசைவகையை விட்டு, எலெக்ட்ரா நிறுவனத்துக்கு மாறி, முழு ஆர்கெஸ்ட்ராவோடு தந்தையின் பாடல்களை மட்டும் கொண்ட தொகுப்பைப் பாடுவது வணிகக் கணக்கில் ஆபத்தான முடிவு. அவருடைய ரசிகர்கள் நடன இசை கேட்பவர்கள். வானொலி நிலையங்கள் இளைஞர்களை நோக்கியவை. பாடல்களோ 30, 40 ஆண்டுகள் பழையவை. ஆந்த்ரே ஃபிஷர், டேவிட் ஃபாஸ்டர், டாமி லிபூமா ஆகிய மூவர் தயாரிப்பில், 22 பாடல்களோடு ‘அன்ஃபர்கெட்டபிள்... வித் லவ்’ 1991 ஜூனில் வெளிவந்தது.

பாடகியாக அவர் செய்ய வேண்டியிருந்த மாற்றம் போதுமான அளவு பேசப்படவில்லை. நடாலி 16 ஆண்டுகளாகப் பாடிவந்த ரிதம் அண்ட் புளூஸ், ஒரே சொல்லின் மீது சங்கதிகளை அடுக்கி, மேல் ஸ்தாயிக்கு ஏறி, உணர்ச்சியை உரக்கச் சொல்லும் இசை. நாட் கிங் கோலின் கலை அதற்கு நேர் எதிரானது. அவர் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக, கடைசி மெய்யெழுத்து வரை முழுமையாக உச்சரிப்பார். தாளத்துக்குச் சற்றே பின்தங்கி, அவசரமின்றி வரியை முடிப்பார். குரலை உயர்த்தி எதையும் வலியுறுத்த மாட்டார். பியானோ கலைஞராக இருந்தவர் என்பதால், பாட்டுக்கு நடுவே விடும் இடைவெளியின் மதிப்பை அவர் அறிந்திருந்தார். அந்தப் பாடல்களைப் பாடும்போது சங்கதிகளைச் சேர்த்தால் பாட்டு சிதைந்துவிடும். 41 வயதில் நடாலி தன் பழக்கங்களில் பாதியை மறக்க வேண்டியிருந்தது. அதே நேரத்தில் தந்தையை அப்படியே நகலெடுக்கவும் கூடாது. தொகுப்பைக் கவனமாகக் கேட்டால் பல இடங்களில் அவர் தன்னை அடக்கிக்கொள்வதும், சில இடங்களில் மட்டும் சற்றே தளர்த்திக்கொள்வதும் தெரியும். அந்தக் கட்டுப்பாடு 25 வயதுப் பாடகிக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன். வீழ்ந்து எழுந்த ஒருவரிடம்தான் அது அமைந்தது.

தொகுப்பின் கடைசிப் பாடல்தான் தந்தையும் மகளும் சேர்ந்து பாடுவது. இர்விங் கார்டன் எழுதிய ‘அன்ஃபர்கெட்டபிள்’ பாடலை நாட் முதலில் 1951இல் பதிவு செய்தார். தந்தையின் குரலைப் பழைய ஒலிநாடாவிலிருந்து எடுத்து, புதிய இசைக்கோர்ப்பின் மீது வைத்து, மகளின் குரலோடு சேர்த்தார்கள். இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றும்; 1991இல் மிகுந்த உழைப்பு தேவைப்பட்ட வேலை. தொழில்நுட்பத்தை விட எனக்கு வியப்பளிப்பது அதன் பாடும் முறை. இரண்டு பேர் சேர்ந்து பாடும்போது ஒருவர் சற்று நீட்டினால் மற்றவர் காத்திருப்பார், ஒருவர் குரலைத் தாழ்த்தினால் மற்றவரும் தாழ்த்துவார். இங்கே ஒருவரின் குரல் ஒலிநாடாவில் உறைந்துவிட்டது. அது ஒரு நொடியும் நகராது, யாருக்காகவும் காத்திராது. விட்டுக்கொடுக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் உயிரோடு இருப்பவருடையது. நடாலி தந்தையின் வரிக்கு மறுவரியாகவும், இடையிடையே இணைந்தும், இறுதியில் ஒருசேரவும் பாடும்போது அந்த விட்டுக்கொடுத்தல் காதுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவருடைய திறமை.

இறந்தவரின் குரலைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது, எழ வேண்டியதும்கூட. இறந்தவரிடம் சம்மதம் கேட்க வழியில்லை. இந்த வழக்கில் இரண்டு காரணங்களால் என் மனம் ஒப்புகிறது. முதலாவது, அவர் பாடாத எதையும் பாடியதாகக் காட்டவில்லை. அவருடைய சொந்தப் பாடலில், அவர் பாடிய அதே வரிகள்தான் ஒலிக்கின்றன. இரண்டாவது, 22 பாடல்களில் 21ஐ நடாலி தனியாகப் பாடினார். தந்தையின் குரலை ஒவ்வொரு பாட்டிலும் கொண்டுவந்து விற்பனையைப் பெருக்க அவர் நினைக்கவில்லை. தனியாக நின்று பாடி முடித்த பிறகு, கடைசியில் ஒரே ஒரு முறை அழைத்துக்கொண்டார்.

தொகுப்பு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அந்நாட்டில் மட்டும் 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1992 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த தொகுப்பு, சிறந்த பதிவு, சிறந்த பாடல் ஆகிய முதன்மை விருதுகளோடு, இசைக்கோர்ப்பு, ஒலிப்பதிவு உட்பட இத்தொகுப்பின் பணிக்காக மொத்தம் ஏழு விருதுகள் வழங்கப்பட்டன. 40 ஆண்டு பழைய பாட்டுக்கு ஆண்டின் சிறந்த பாடல் விருதா என்ற கண்டனம் அப்போது வலுவாக எழுந்தது. பாடலாசிரியருக்கு உரிய அந்த விருதைப் பொறுத்தவரை கண்டனத்தில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். எழுபது வயதைக் கடந்திருந்த இர்விங் கார்டனுக்குக் கிடைத்த மரியாதை மகிழ்ச்சி தந்தாலும், அது அந்த ஆண்டில் எழுதப்பட்ட பாடல் அல்ல. சிறந்த தொகுப்புக்கான விருதுக்கு அந்தக் கண்டனம் பொருந்தாது. பாடப்பட்டதும் பதிவானதும் புதியவை. அவற்றின் தரம் அந்த விருதுக்கு உரியதே.

பிந்தைய ஆண்டுகள்

1991க்குப் பிறகு நடாலி ஜாஸ் சார்ந்த பாடல்களிலேயே பெரும்பாலும் நிலைத்தார். 1993இன் ‘டேக் எ லுக்’ தொகுப்பு ஜாஸ் பாடலுக்கான கிராமி விருதைப் பெற்றது. அது தந்தையின் பாடல்தொகுப்பு அல்ல என்பதால் அந்த வெற்றிக்குத் தனி மதிப்பு உண்டு. 1996இல் தந்தையின் குரலோடு மீண்டும் ‘வென் ஐ ஃபால் இன் லவ்’ பாடினார்; 2008இல் வந்த ‘ஸ்டில் அன்ஃபர்கெட்டபிள்’ தொகுப்பிலும் தந்தையோடு சேர்ந்த பாடல் இருந்தது. இரண்டுக்குமே கிராமி கிடைத்தது என்றாலும், முதல் முயற்சியில் இருந்த அவசியம் இவற்றில் இல்லை. ஒருமுறை செய்யும்போது சந்திப்பாக இருந்தது, திரும்பச் செய்யும்போது வழக்கமாகிவிட்டது.

அதைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது 2013இல் வந்த அவருடைய ஸ்பானிய மொழித் தொகுப்பு. நாட் கிங் கோல் 1958இல் ஸ்பானிய மொழியில் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அந்த மொழி தெரியாமலே, ஒலிகளைக் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடினார். மகளும் 63 வயதில் அதே வேலையை மேற்கொண்டார். மற்ற மொழியில் பாடும்போது இருவருமே மாணவர்கள். அங்கே தந்தையின் தகுதி மகளை அச்சுறுத்தவில்லை.

உடல் அதற்குள் தளர்ந்திருந்தது. 2008இல் அவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமித்தொற்று இருப்பது தெரியவந்தது. முன்பு ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுத்துக்கொண்டதன் விளைவு என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். கால் நூற்றாண்டாகப் பழக்கத்தை விட்டிருந்தும் கிருமி உடலில் இருந்தது. தொடர்ந்து சிறுநீரகங்கள் செயலிழந்து, டயாலிசிஸ் செய்துகொண்டே நிகழ்ச்சிகளுக்குப் போனார். 2009 மே மாதம் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது. அவரைக் கவனித்துக்கொண்ட செவிலியரின் உறவுக்காரப் பெண் ஒருவர் இறந்தபோது, அந்தக் குடும்பம் நடாலிக்கே சிறுநீரகத்தைத் தர விரும்பியதால் அது நிகழ்ந்தது. அதே நாளில் அவருடைய அக்கா கரோல் புற்றுநோயால் இறந்தார். 2015 டிசம்பர் 31 அன்று, நுரையீரல் தமனிகளின் உயர் அழுத்த நோயால் ஏற்பட்ட இதயச் செயலிழப்பில், லாஸ் ஏஞ்சலிஸில் நடாலி காலமானார். வயது 65. ஒன்பது கிராமி விருதுகள் அவர் பெயரில் இருந்தன. அவருடைய குழுவில் டிரம்ஸ் வாசித்துவந்த மகனும் 2017இல் இறந்தார்.

ஒப்பீட்டுக்கு ஒரு குறிப்பு

ஒரே ஒரு வாழ்க்கையை வைத்துப் பொதுவிதி சொல்லக் கூடாது. ஆனால் இந்த ஆய்வுக்குள்ளேயே ஓர் ஒப்பீடு இருக்கிறது, ஏனெனில் கோல் வீட்டில் ஐந்து பிள்ளைகள். அதே பெயர், அதே வீடு, அதே தாய். அவர்களில் நடாலி ஒருவர்தான் இசைத்தட்டு உலகில் நிலைபெற்றார். ஆகவே பெயர் மட்டும் தொழிலை உருவாக்குவதில்லை என்பதற்கு வெளியே சான்று தேட வேண்டியதில்லை.

1961இல் பிறந்த இரட்டையரான டிமோலின், கேசி இருவரும் தந்தை இறந்தபோது மூன்று வயதுக் குழந்தைகள். நடாலிக்கு 15 ஆண்டு நினைவுகள் இருந்தன. மேடையில் தந்தையின் அருகில் நின்ற அனுபவம் இருந்தது. அந்த அளவுக்கு விலகவேண்டிய தேவையும் இருந்தது. இரட்டையருக்குத் தந்தை பெரும்பாலும் இசைத்தட்டுகளின் வழியாகவே அறிமுகம். அவர்கள் பாடகர்களாக முயலவில்லை. 2008இல் ஃபுளோரிடாவில் தந்தையின் பெயரால் ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கி, இசை கற்க வசதியற்ற குழந்தைகளுக்குக் கல்வியும் கருவிகளும் கிடைக்கச் செய்தார்கள். நாட் கிங் கோல் என்ற பெயர் நடாலியிடம் எழுப்பிய கேள்வியை அந்தப் பெயர் அவர்களிடம் எழுப்பவில்லை. அதனால் அவர்கள் 16 ஆண்டுகள் காத்திருக்கவும் தேவைப்படவில்லை.